இடது பக்கம் திரும்பும்போது

நீலாஸின் மோட்டார் பனிவண்டியை யாரும் தொடக்கூடாது என்று அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சட்டம் போட்டவன் நீலாஸ்தான். அவன் தங்கை ரவ்னா, பதினொரு வயதுக்காரி, பொதுவாகச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், வண்டியைப் போர்த்தியிருந்த தார்ப்பாயை உருவிவிட்டாள்.

சும்மா செய்யவில்லை. காரணம் இருந்தது.

போன நவம்பரில், வழிதவறிய மான்களைத் தேடிப் போன நீலாஸ், ஆற்றங்கரை மேட்டிலிருந்து வண்டியோடு கீழே விழுந்தான். வண்டி பிழைத்துக்கொண்டது. நீலாஸும் பிழைத்துக்கொண்டான், இடுப்புக்கு மேலே மட்டும். தெற்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் கிடந்துவிட்டு, ஏப்ரல் தொடக்கத்தில் சக்கர நாற்காலியில் வீடு வந்து சேர்ந்தான்.

வந்தவன் பழைய நீலாஸ் இல்லை. பழைய நீலாஸ் வாயைத் திறந்தால் மூட மாட்டான். பக்கத்து வீட்டு நாயைக்கூட விடாமல் கேலி பேசுவான். இவனோ, "அந்தப் பக்கத்துத் திரையை இழுத்து மூடுங்க" என்று மட்டும் சொன்னான். அந்தப் பக்கத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் வண்டி தெரியும்.

அம்மா பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தார். கஞ்சி சூடாக இருக்கிறதா, முதுகுக்குத் தலையணை வேண்டுமா என்று நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டார். இருபத்திரண்டு வயது ஆளைக் கைக்குழந்தையைப் போல நடத்தினால் எரிச்சல் வருமா வராதா? வந்தது. வீடு முழுக்க அந்த எரிச்சல் புகை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

இன்னும் நான்கு நாளில், சனிக்கிழமை, மான் மேய்க்கும் குடும்பங்கள் எல்லாம் கிளம்பப் போகின்றன. ஒவ்வொரு வசந்தத்திலும் கலைமான்கள் மேட்டுநிலத்திலிருந்து கடற்கரைக்கு நடக்கும். அங்கேதான் குட்டி போடும். மான்கள் நடக்க, ஆட்கள் பனிவண்டியில் கூடவே போவார்கள். பின்னால் கட்டிய சறுக்குவண்டியில் கூடாரம், சட்டி பானை, குழந்தைகள், நாய்கள் எல்லாம் போகும்.

யார் வரலாம், யார் வரக்கூடாது என்று முடிவு செய்பவர் ஹேய்க்கா பெரியப்பா. அப்பா இறந்துபோன பிறகு இந்தக் குடும்பத்துக்கும் அவர் சொல்தான் சட்டம். பெரியப்பா கெட்டவர் அல்ல. ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தையைப் பிடுங்க வேண்டுமென்றால் இடுக்கி வேண்டும்.

"தன் வண்டியத் தானே ஓட்டுறவன் வரட்டும். மூட்டையா யாரும் வர வேண்டாம்" என்று அவர் சொல்லிவிட்டார்.

நீலாஸ் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதும் பேசி முடிந்திருந்தது. அவர்கள் குடும்பத்து மான்களை இலையுதிர்காலத்தில் அறுத்துவிடுவார்கள். மேய்க்க ஆளில்லாத மான்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த மான்களின் காதில் ஒரு வெட்டு உண்டு, நுனியில் ஒரு பிளவு, ஓரத்தில் இரண்டு பல். அதைப் பார்த்தால் இது இன்னார் வீட்டு மான் என்று சின்னக் குழந்தையும் சொல்லும். அப்பாவின் வெட்டு அது. அப்பாவுக்குப் பிறகு நீலாஸின் வெட்டு. இந்த இலையுதிர்காலத்துக்குப் பிறகு அது யார் காதிலும் இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பெரியப்பா மகன் மிக்கலும் சேர்ந்து நீலாஸைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். அப்போதுதான் ரவ்னா அதைக் கவனித்தாள். வண்டியைத் திருப்பும் கைப்பிடி அவனுக்குத் தோள் உயரத்தில் இருந்தது. மேய்ப்பவர்கள் நின்றுகொண்டுதான் ஓட்டுவார்கள், நின்றால்தான் தூரத்து மான் தெரியும். நீலாஸ் அவர்களிலேயே உயரமானவன். அதனால் கைப்பிடிக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஓர் அலுமினியக் கட்டையை வைத்து இன்னும் உயர்த்தியிருந்தான். இப்போது அவன் உட்கார்ந்திருக்க, இரண்டு கைகளும் கொடியில் காயப்போட்ட சட்டைக்கை மாதிரி மேலே தொங்கின.

இரண்டு நிமிடம் அப்படியே இருந்தான். பிறகு வீட்டுக்குள் கொண்டுபோகச் சொன்னான்.

கைப்பிடியைத் தாழ்த்தினால் சரியாகிவிடும் என்பது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும். சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்தக் கட்டையை மாட்டிய அன்று நீலாஸ் சொன்னதை யாரும் மறக்கவில்லையே. "கைப்பிடி கீழ இருந்தா அது சுற்றுலாக்காரன் வண்டி" என்று சொல்லிச் சிரித்தவன் அவன்.

செவ்வாய்க்கிழமை அம்மா அவனை டாக்டரிடம் காட்ட நகரத்துக்கு அழைத்துப் போனார். ரவ்னா பள்ளிக்கு மட்டம் போட்டாள்.

நாலு போல்ட்டு. மூன்று சுலபமாக வந்தன. நாலாவது அவள் விரல் முட்டியில் தோலை எடுத்துக்கொண்டுதான் வந்தது. கட்டையை உருவி, கைப்பிடியைக் கீழே இறக்கி, போல்ட்டுகளை மறுபடி முறுக்கினாள். உட்கார்ந்து பார்த்தாள். வயிற்றுக்கு நேராக, ரொட்டி பிசையும் உயரத்தில் இருந்தது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

ஒன்றுதான் இடித்தது. வலது கைப்பிடியில் கட்டைவிரலால் அழுத்தும் ஆக்சிலேட்டர் விசை இருக்கிறது. அதிலிருந்து ஒரு கேபிள் இன்ஜினுக்குப் போகிறது. கைப்பிடி உயரமாக இருந்தபோது அளவாக இருந்த கேபிள், இப்போது மிச்சமாகி ஒரு வளையம் போலத் தொங்கியது.

தொங்குவது என்றால் அந்த வீட்டில் யாருக்கும் ஆகாது. சறுக்குவண்டியில் சுமை ஏற்றும்போது ஒரு கயிற்று நுனி தொங்கினாலும் போதும், மரக்குற்றியில் சிக்கும், பனிவண்டிக்கு அடியில் சுற்றும் ரப்பர் பட்டைக்குள் போகும், ஆளைக் கவிழ்க்கும். "ஆடுற கயிறு ஆளத் தின்னும்" என்று அப்பா சொல்வாராம். ரவ்னா நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கேட்டு வளர்ந்த சொல் அது. எதைக் கண்டாலும் இழுத்துக் கட்டிவிடுவாள்.

கேபிளையும் கட்டினாள். தன் காலணியில் சுற்றியிருந்த நாடாவை அவிழ்த்தாள். அம்மா நெய்த சிவப்பு மஞ்சள் நாடா, ஓர் ஆள் நீளம் இருக்கும். கேபிளை இழுத்து, நடுவிலிருந்த ஸ்டியரிங் தண்டோடு சேர்த்து எட்டுச் சுற்றுச் சுற்றி, ஓநாய் இழுத்தாலும் அவிழாத முடிச்சு ஒன்றைப் போட்டாள். மேலே உறையை மூடினாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வண்டியை ஸ்டார்ட் செய்தாள். விசையை அழுத்தினாள், உறுமியது. விட்டாள், அடங்கியது. கைப்பிடியை நேராக வைத்துத்தான் பார்த்தாள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் நீலாஸ் வந்து இறங்கினான். தார்ப்பாய் இல்லாத வண்டியைப் பார்த்தான். சக்கர நாற்காலியை அம்மா தள்ளப் போக, கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"யார் உன்னக் கேட்டா?" என்றான் ரவ்னாவிடம்.

"யாரும் கேக்கல."

"நான் இனிமே நிக்கவே மாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்ட."

ரவ்னா அப்படி நினைக்கவே இல்லை. கை எட்ட வேண்டும், அவ்வளவுதான் நினைத்தாள். ஆனால் அவன் சொன்ன பிறகு யோசித்தால், அவள் செய்தது அதைத்தான் என்றும் தோன்றியது. அன்றிரவு மான்கறிச் சாறு இறங்கவில்லை.

ஆனாலும் மறுநாள் காலையில் நீலாஸ் தானாகவே கேட்டான், வண்டியில் ஏற்றிவிடச் சொல்லி. அம்மா மான்தோலில் தைத்த முதுகுச் சாய்வைக் கட்டினார். கால்களை வாரால் பிணைத்தார். பெரியப்பா வந்தார், மிக்கல் வந்தான், செய்தி கேட்டு இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"சுற்றுலாக்காரன் வண்டி மாதிரி இருக்கே" என்றான் மிக்கல். கேலிதான், ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை.

நீலாஸ் கிளம்பினான். முற்றத்தைத் தாண்டி, நேராக, நன்றாகவே போனான். அம்மா மூச்சை விட்டார். ரவ்னாவுக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. மான்களை அடைக்கும் வேலி மூலைக்குப் போனதும் அவன் கைப்பிடியை இடது பக்கம் திருப்பினான்.

வண்டி அலறியது. திரும்புவதற்குப் பதிலாகப் பாய்ந்தது. தீவனம் ஏற்றி வைத்திருந்த சறுக்குவண்டி மேல் ஏறி, பக்கவாட்டில் சாய்ந்து, நீலாஸை வார் அறுந்து வெளியே வீசியது. அவன் இடுப்பில் மாட்டியிருந்த பாதுகாப்புக் கயிறு இழுபட்டதால் இன்ஜின் நின்றது. நல்லவேளை.

அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அவன் பனியில் முகம் குப்புறக் கிடந்தான். இரண்டு கைகளையும் ஊன்றி எழப் பார்த்தான். கால்கள் இரண்டும் யாரோ போட்டுவிட்டுப் போன பொருள் மாதிரி பின்னால் கிடந்தன. மிக்கலும் இன்னொருவரும் ஓடிப் போய்த் தூக்கினார்கள். அத்தனை பேர் பார்க்க, அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்தார்கள்.

"கை சொன்னதக் கேக்கல. பாத்தியா" என்றார் பெரியப்பா.

நீலாஸ் தன் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமா பெரியப்பா. விட்டுட்டேன்னுதான் நெனச்சேன். விரல் அழுத்திட்டே இருந்திருக்கு போல." அவன் குரல் அவ்வளவு அடங்கி ரவ்னா கேட்டதே இல்லை. வண்டியை மிக்கல் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவனே சொன்னான். நாளைக் காலையில் வந்து கட்டி இழுத்துப் போவதாக முடிவாயிற்று.

வண்டியை யார் பார்த்தார்கள்? எல்லோரும் அவன் கால்களையே பார்த்தார்கள். நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் கலைந்தார்கள்.

மத்தியானம் ரவ்னா தார்ப்பாயைப் போர்த்தப் போனாள். வண்டி கோணலாக நின்றது. நேராக்கலாம் என்று கைப்பிடியை இடது பக்கம் திருப்பினாள். ஏதோ இறுகியது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். வலது கைப்பிடி அருகே, கேபிளின் கறுப்பு உறை அதன் குழியிலிருந்து வெளியே வந்தது. உள்ளே இருந்த மெல்லிய கம்பி நகத்தளவு பளபளவென்று தெரிந்தது. வலது பக்கம் திருப்பினாள், உறை உள்ளே போனது. இடது பக்கம் திருப்பினாள், மறுபடி வந்தது.

மேலுறையைத் திறந்தாள். அவள் கட்டிய நாடா கேபிளைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. இடது பக்கம் திரும்பத் திரும்ப, கேபிள் இழுபட இடமில்லாமல், தானே இன்ஜினை முடுக்கிவிட்டிருக்கிறது. யாரும் விசையை அழுத்தத் தேவையே இல்லை.

ரவ்னா பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணனின் விரல் தப்புச் செய்யவில்லை. எல்லோர் முன்னாலும் அவனைத் தூக்கிப் போட்டது அவளுடைய காலணி நாடா.

ஓநாய் இழுத்தாலும் அவிழாத முடிச்சை அவிழ்க்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு எண்ணம் வந்தது, பொய் சொல்வானேன், வரத்தான் செய்தது. யாருக்கும் தெரியாது. கேபிளைச் சரிசெய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் கடைசிவரை தெரியாது. மிக்கல் நல்ல வண்டி என்று ஓட்டிக்கொண்டு போவான்.

ஐந்து மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். நீலாஸ் கரண்டியைத் தொடவில்லை. வலது கட்டைவிரலை மேசை விளிம்பில் அழுத்தினான், எடுத்தான். அழுத்தினான், எடுத்தான். எடுக்கும்போதெல்லாம் விரல் நிஜமாகவே மேலே வந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தான். அம்மா கவனிக்காதவர் போல ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்தார்.

ரவ்னா நாடாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"உன் விரல் இல்லண்ணா. இதுதான்."

எல்லாவற்றையும் சொன்னாள். கேபிள் தொங்கியதை, எட்டுச் சுற்றை, முடிச்சை, திருப்பிப் பார்க்காததை. சொல்லி முடிக்கும்வரை அழாமல் இருந்தாள். அதற்குப் பிறகு முடியவில்லை.

நீலாஸ் நாடாவைத் தொடவில்லை. "அஞ்சு மாசமா, இந்த ரெண்டு கையாவது மிச்சம் இருக்குன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றான். "இன்னிக்குக் காலைலேருந்து, அதுவும் போச்சுன்னு உக்காந்திருக்கேன்."

சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள் என்று அம்மா தொடங்கினார். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"மன்னிப்புக் கேக்காத, ரவ்னா. இப்ப எனக்குக் குடுக்கத் தோணல." ஜன்னல் திரைப் பக்கம் திரும்பிச் சொன்னான், "ஏறினதும் ரெண்டு பக்கமும் திருப்பிப் பாக்கணும். எப்பவும் பாப்பேன். இன்னிக்கு எல்லாரும் வேடிக்கை பாத்தாங்க. சீக்கிரம் கிளம்பினாப் போதும்னு இருந்துச்சு."

அவ்வளவுதான். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான்.

ரவ்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். ஏப்ரலில் அங்கே எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஒரு பலகையை நெம்புகோலாக வைத்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, அடியில் ஒரு மரத்துண்டைத் தள்ளினாள். இப்போது பட்டை சுற்றினாலும் காற்றில்தான் சுற்றும், வண்டி பாயாது. நேற்றே இதைச் செய்திருக்கலாமே என்று நினைத்தபோது மறுபடி கண் கலங்கியது. கண் கலங்கினால் நட்டு தெரியாது. துடைத்துக்கொண்டாள்.

முதலில் கேபிளின் பாதையை மாற்றினாள். ஸ்டியரிங் தண்டுக்கு முன்பக்கமாக, அகலமான ஒரு வளைவாக விட்டாள். எங்கும் கட்டவில்லை. முன்கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கொக்கி ஒன்றில் மட்டும் லேசாகப் படுக்க வைத்தாள். கைப்பிடியைத் திருப்பியபோது கேபிள் அதன் இஷ்டத்துக்கு நகர்ந்துகொடுத்தது. ஆடுகிறது என்று அவள் கை பரபரத்தது. கையை அடக்கிக்கொண்டாள்.

பிறகு அளவு. கேபிள் நுனியில் திருகு ஒன்று இருந்தது, அதைப் பூட்டிப் பிடிக்க ஒரு நட்டு. காலையில் வண்டி குதித்த குதியில் திருகு இடம் மாறியிருந்தது. நட்டைத் தளர்த்தி, திருகை வெளிப்பக்கமாகத் திருகினாள். ஸ்டார்ட் செய்தால், விசையைத் தொடாமலே இன்ஜின் வேகமாக ஓடியது. இறுக்கம் அதிகம். உள்ளே திருகினாள். இப்போது விசையைப் பாதி அழுத்தினாலும் இன்ஜின் தூங்கியது. தளர்ச்சி அதிகம். அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள். விரல் விறைத்துப் போனது. வாயில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டாள். ஸ்பேனரின் எண்ணெய் நாற்றம் நாக்கில் ஏறியது.

நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ, அவளுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரை மூடிய ஜன்னல் ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தது. முகம் தெரியவில்லை. பேச்சும் இல்லை. அண்ணனின் காது மட்டும்தான் அங்கே இருந்தது என்று அவளுக்குப் புரிந்தது.

விசையில் ஒரு தீக்குச்சி கனத்துக்கு மட்டும் தளர்வு வைத்து, நட்டை இறுக்கினாள். இன்ஜினை ஓடவிட்டு, கைப்பிடியை இடது பக்கம் முட்டும்வரை திருப்பினாள். டுக் டுக் டுக் என்று ஒரே சீராக ஓடியது. வலது பக்கம் முட்டும்வரை. அதே டுக் டுக் டுக். மறுபடி இடது. பத்து முறை செய்தாள். பத்தாவது முறைக்குப் பிறகு ஜன்னல் மூடிக்கொண்டது.

வியாழக்கிழமை காலையில் பெரியப்பாவும் மிக்கலும் கயிற்றோடு வந்தார்கள். ரவ்னா வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள். பின்பக்கம் இன்னும் மரத்துண்டின் மேல்தான் இருந்தது. நாடாவைக் காட்டி, நேற்று நடந்ததைச் சொன்னாள்.

பெரியப்பா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவளை விட்டு அம்மாவிடம் பேசினார். அண்ணன்மேல் இருக்கிற பாசத்தில் பெண் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறது, நல்ல மனசுதான், ஆனால் மலையில் நல்ல மனசு வண்டி ஓட்டாது என்றார். மிக்கல் கயிற்றைப் பிரிக்கத் தொடங்கினான்.

ரவ்னாவுக்குக் கோபம் வந்தது. நிஜத்தைச் சொல்வதற்கு அவ்வளவு பாடுபட்டால், அதை நம்பவும் மாட்டார்களாமே. வாதாடவில்லை. மேலுறையைத் திறந்து, கேபிளைப் பழையபடி தண்டோடு இழுத்து, நாடாவைச் சுற்றினாள். எட்டுச் சுற்று. அதே முடிச்சு. வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு இறங்கினாள்.

"நீங்க ஏறி உக்காருங்க, பெரியப்பா."

"நானா?"

"ஒரு நிமிஷந்தான். விசைமேல விரலே வைக்க வேண்டாம். கைப்பிடிய இடது பக்கம் திருப்புங்க."

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். குழந்தை கேட்கிறதே என்று ஏறி உட்கார்ந்தார். நாற்பது வருடமாகப் பனிவண்டி ஓட்டுகிறவர். கட்டைவிரலை நன்றாகத் தூக்கி எல்லோருக்கும் தெரியும்படி காட்டிவிட்டு, இடது பக்கம் திருப்பினார்.

வண்டி அவருக்கு அடியில் அலறியது. பட்டை காற்றில் சுழன்று, பின்னால் நின்ற மிக்கலைத் தலையிலிருந்து கால்வரை பனியால் அபிஷேகம் செய்தது. பெரியப்பாவின் தொப்பி கண்ணை மறைத்தது. பதறிப்போய்க் கைப்பிடியை நேராக்கினார். சத்தம் அடங்கியது.

"உங்க கையும் சொன்னதக் கேக்கல, பெரியப்பா" என்றாள் ரவ்னா.

மிக்கல் வாயிலிருந்த பனியைத் துப்பினான். சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டான். பெரியப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு குனிந்து தானே அந்த முடிச்சை அவிழ்த்தார். சீக்கிரம் அவிழவில்லை. கேபிளை விடுவித்து, இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார். டுக் டுக் டுக்.

"முடிச்சு நல்லாத்தான் போட்டிருக்க" என்றார். இடுக்கி இல்லாமலே வந்த வார்த்தை.

ஜன்னல் பக்கம் திரும்பினார். நேற்று அத்தனை பேர் முன்னால் சொன்னதை இன்று திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும், அது அவருக்குச் சுலபமில்லை. தொண்டையைச் செருமினார். "சனிக்கிழம காலைல ஆறு மணி" என்று மூடிய திரையைப் பார்த்துச் சொன்னார். "பனி இறுகி இருக்கும்போதே கிளம்பணும். லேட்டா வந்தா காத்திருக்க மாட்டோம்." கயிற்றை மிக்கலின் தோளில் போட்டுவிட்டு நடந்தார்.

சனிக்கிழமை சுமை ஏற்றும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. சக்கர நாற்காலியை எங்கே வைப்பது? யாரும் அதை யோசிக்கவில்லை. அம்மா சறுக்குவண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கூடாரத்தை விட முடியாது, அடுப்பை விட முடியாது, பின்பக்கம் அம்மா உட்கார வேண்டும், மற்றவர்கள் வண்டிகளும் நிரம்பியிருந்தன. ஒரே ஓர் இடம்தான் இருந்தது, முன்பக்கம், மான்தோல் விரித்த இடம். பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் ரவ்னா உட்கார்ந்து போகும் இடம்.

"எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு" என்றாள் ரவ்னா. "நான் சித்தி வீட்டுல இருந்துக்கிறேன்."

அவளுக்குப் பள்ளிக்கூடம் அவ்வளவு பிடிக்கும் என்று யாருக்கும் இதுவரை தெரியாது. அம்மா அவள் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டார். குட்டிகள் பிறப்பதை இந்த வருடம் அவள் பார்க்க மாட்டாள். நாற்காலியை அந்த இடத்தில் ஏற்றி ரவ்னாவேதான் கட்டினாள், நுனி ஒன்றுகூடத் தொங்காமல். கட்டும்போது அழுதாள், யாருக்கும் முகத்தைக் காட்டவில்லை.

நீலாஸ் வண்டியில் உட்கார்ந்திருந்தான். முதுகுச் சாய்வு, புது வார், கைப்பிடி வயிற்றுக்கு நேராக. புதன்கிழமையிலிருந்து அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது கூப்பிட்டான்.

"அந்தக் கட்ட எங்க?"

அவள் கொட்டகைக்கு ஓடிப் போய் எடுத்து வந்து கொடுத்தாள். ஒரு சாண் உயர அலுமினியக் கட்டை. அவன் அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தான். எங்கேயாவது எறிந்துவிடுவான் என்று ரவ்னா பயந்தாள். அவன் அதை அவள் கையில் திருப்பி வைத்தான்.

"எனக்கு இனி வேண்டாம். நீ நின்னு ஓட்டுற உயரம் வந்ததும் மாட்டிக்கோ."

ரவ்னா தலையாட்டினாள்.

"மாட்டினதும் ரெண்டு பக்கமும் திருப்பிப் பாரு" என்றான். சொல்லிவிட்டு, அவளைப் பார்க்காமல், தானே கைப்பிடியை இடது பக்கம் முட்டும்வரை திருப்பினான். வலது பக்கம் முட்டும்வரை திருப்பினான். காதைக் கொடுத்துக் கேட்டான். கிளம்பினான்.

சறுக்குவண்டியில் நாற்காலி குலுங்காமல் போயிற்று. ரவ்னா முற்றத்திலேயே நின்றாள். கையுறைக்குள் கட்டை சில்லென்று கனத்தது. நீலாஸ் முற்றத்தைத் தாண்டினான், நேராகப் போனான், வேலி மூலைக்கு வந்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் இடது பக்கம் திருப்பினான்.

வண்டியின் சத்தம் மாறவே இல்லை.